சோறு போடாத ஹெலிகாப்டர்

அந்த ஹெலிகாப்டருக்குக் கதவே இல்லை. என் அண்ணன் கயிற்றுக்கு வெளியே இரண்டு முறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, முகம் சுருங்கி என்னைத் திரும்பிப் பார்த்தான். விமான சாகச நிகழ்ச்சிக்காக மெரினா மணலில் இரும்புத் தகடு போட்டு அதன் மேல் அதை நிறுத்தியிருந்தார்கள். ஒல்லியான உடம்பு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு பேர் மட்டும் உட்காரக் கண்ணாடிக் கூண்டு. மூக்குக்குக் கீழே துப்பாக்கி. இரண்டு பக்கமும் குட்டையாக இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது, அதில் குழாய் குழாயாக ராக்கெட் வைக்கிற பெட்டி. சண்டைக்கென்றே செய்தது, எதிரியின் டாங்கியைத் தேடிப் போய் அடிக்கும் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"சோறு எங்க?" என்றான் அண்ணன், காவலுக்கு நின்ற சிப்பாயிடம்.

சிப்பாய் வடக்கத்திக்காரர். ஒன்றும் புரியாமல் சிரித்து ஒரு சலாம் வைத்தார். பின்னால் நின்ற காலேஜ் பிள்ளைகள், "அங்கிளுக்குப் பசிக்குதாம்டா" என்று சிரித்தார்கள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். தி. நகர் துணிக்கடையில் வேலை எனக்கு. கடையையே கலைத்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களைப் பார்க்கிற பார்வை அது. அடங்கிவிட்டார்கள்.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிட மூத்தவன், ஐம்பதை நெருங்குகிறான். ஆனால் அவனுக்குப் புரிகிற உலகம் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற உலகம்தான். பேச்சும் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் போகாது. மூத்தவனை அவர் இவர் என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு வராது. அவன் மூக்கைத் துடைத்து, குளிப்பாட்டி, ஊட்டி விட்டவள் நான்.

அவனுக்கு ஹெலிகாப்டர் என்றால் சோறு. அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. அடையாற்றுப் பெருவெள்ளம் வந்தபோது நாங்கள் கோட்டூர்புரம் பக்கம் ஆற்றங்கரையில் குடியிருந்தோம். விடிவதற்குள் கூரையைத் தண்ணீர் தொட்டுவிட்டது. அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் முன்பின் தெரியாத ஒருவருடைய வீட்டு மொட்டை மாடியில் போய் ஏறினோம். அந்தத் தெருவே அந்த மாடியில்தான் இருந்தது. மழை விட்ட பிறகும் தண்ணீர் வடியவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை, தின்ன ஒன்றும் இல்லை. அண்ணன் பசி தாங்க மாட்டான். அழுதுகொண்டே கீழே போகிறேன் என்று படிக்கட்டுக்கு ஓடுவான். படிக்கட்டின் பாதி வரை பழுப்புத் தண்ணீர் நின்றது.

அம்மா அவனைப் பிடித்து உட்கார வைத்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பிச் சொன்னாள். "நைனா, நான் சொல்றத நல்லா கேட்டுக்கோ. அந்தப் பறக்குற வண்டி சத்தம் கேட்டா மேல ஏறிக்கணும். துணிய ஆட்டணும். ஆட்னாதான் சோறு போடுவான். தண்ணி வடியற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் எறங்காத. நான் சொன்னாதான் எறங்கணும். இன்னா?"

அவன் தலையாட்டினான். அம்மா தன்னுடைய மெரூன் புடவை ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். ஹெலிகாப்டர் வந்தது. அவன் ஆட்டினான். திறந்த கதவில் ஒருவன் உட்கார்ந்து பொட்டலங்களைக் கீழே போட்டான். எங்களுக்கு விழுந்தது புளிசாதம். அம்மா அதை மூன்று பங்கு வைத்து, தன் பங்கைக் கடைசியில் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அண்ணன் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. தானே சமைத்து எங்களுக்குப் போட்ட மாதிரி ஒரு பெருமை.

வெள்ளம் போனது, வீடும் போனது. ஊருக்கு வெளியே எங்கேயோ மாடி வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து தி. நகருக்கு வேலைக்கு வந்து போவதற்குள் என் உயிர் போய்விடும், அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியும் நகரத்துக்குள்தான். மந்தைவெளியில் ஒரு சந்தில் ஒற்றை அறைக்கு வாடகைக்கு வந்தோம். அங்கேதான் அம்மா போனாள். அண்ணனுக்கு அது ஏறவே இல்லை. கொள்ளி வைத்தது அவன்தான், இருந்தும் மறுநாள் காலையில் அம்மாவுக்கு ஒரு டம்ளர் டீயை எடுத்து மூடி வைத்தான். அமாவாசைக்கு அமாவாசை நான் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்து, "பாரு, அம்மா வந்து துன்றாங்க" என்பேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்துச் சிரிப்பான். "காக்கா" என்று திருத்துவான்.

நிகழ்ச்சிக்கு முந்தைய சில நாட்கள் ஒத்திகை நடந்தது. மயிலாப்பூர் வானம் முழுக்க ஒரே இரைச்சல். ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஒரு துணியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவான். நான் வேலைக்குப் போயிருக்கும்போது இறங்காமல் வெயிலிலேயே நின்றிருக்கிறான். வீட்டுக்காரம்மா பயந்துபோய் மாடிக் கதவைப் பூட்டினார். மறுநாள் பூட்டிய கதவில் அவன் தலையை மோதி நெற்றியில் ரத்தம். "உங்க அண்ணன எங்கயாவது சேர்த்துடுங்களேன், உங்களுக்கும் வயசாகுது" என்றார் வீட்டுக்காரம்மா. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு உள்ளே எரிந்தது.

அப்போதுதான் இந்த யோசனை வந்தது. நின்றுகொண்டிருக்கிற ஹெலிகாப்டரைப் பக்கத்தில் காட்டிவிட்டால்? அது வெறும் இரும்பு, அதில் சோறு இல்லை என்று கண்ணால் பார்த்தால் விட்டுவிடுவான் அல்லவா? என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும். கேட்டு வாங்கினேன்.

கூட்டத்துக்குப் போனால் நாங்கள் கட்டிக்கொண்டுதான் போவோம். பங்குனியில் கபாலி கோயில் அறுபத்துமூவர் ஊர்வலக் கூட்டத்துக்கு அம்மா செய்து வந்த பழக்கம். அந்த மெரூன் புடவையிலிருந்து கிழித்த நீளப் பட்டை ஒன்று இருக்கிறது. ஒரு முனை அவன் மணிக்கட்டில், மறுமுனை என் மணிக்கட்டில். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அன்றைக்கும் அப்படித்தான் சாந்தோம் வழியாக நடந்து போனோம். ஊரே அந்தப் பக்கம் நடந்தது.

"இது சோறு போடாதுண்ணா. பார்த்தல்ல? கதவே கெடையாது. வா, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

அவன் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் கடல் பக்கமிருந்து இதே மாதிரி இன்னொன்று வந்தது. தாழப் பறந்தது. சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் இடித்தது. மொத்தக் கூட்டமும் "ஹோ" என்று முன்னால் தள்ளியது. நான் ஒரு குழந்தை மேல் விழாமல் இருக்கக் கையை ஊன்றினேன். எழுந்தபோது என் மணிக்கட்டு லேசாக இருந்தது. முடிச்சு போட்ட இடத்தில் ஈரம். பல்லால் கடித்து அவிழ்த்திருக்கிறான்.

"அண்ணா!" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முதலில் கடலைத்தான் பார்த்தேன். பிள்ளையைத் தொலைத்த எவளும் மெரினாவில் கடலைத்தான் முதலில் பார்ப்பாள். அலை வரைக்கும் ஓடினேன். கரையோரம் முழுக்க ஆட்கள் நின்றார்கள். நீலச் சட்டை போட்ட உயரமான ஆள், மொட்டைத் தலை, பார்த்தீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லாருடைய முகமும் வானத்தில் இருந்தது. பதில் சொல்லக்கூடக் கீழே குனியவில்லை. ஒருவர் மட்டும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே, "நகருங்கம்மா, மறைக்குது" என்றார்.

போன் எடுத்துப் போலீசுக்கு அடித்தேன். லைன் போகவில்லை. காணாமல் போன பிள்ளைகளுக்கென்று ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு பெண் மைக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

"குழந்தைக்கு என்ன வயசும்மா?"

"நாப்பத்தெட்டு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். பாவம், நல்ல பெண். உடனே மைக்கில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முழுப் பெயர், ரேஷன் கார்டில் இருக்கிற பெயர். அந்தப் பெயரைச் சொல்லி வீட்டில் யாரும் அவனைக் கூப்பிட்டதே கிடையாது. எனக்கு அண்ணன், அம்மாவுக்கு நைனா. மெரினா முழுக்க ஒலித்த அந்தப் பெயருக்கு அவன் எப்படித் திரும்புவான்?

வெயில் ஏறியது. நிழல் என்று சொல்ல ஓர் இடம் இல்லை. கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் அவன் தோள்பையில் போய்விட்டது. கண்ணெதிரே ஒரு பெரியவர் மயங்கி மணலில் சரிந்தார். நாலு பேர் சேர்ந்து தூக்கிப் போனார்கள். அண்ணனும் இப்படி எங்கேயோ கிடப்பான், தூக்கிப் போனவர்கள் பேர் கேட்டால் சொல்லத் தெரியாது, எந்த ஆஸ்பத்திரி என்று நான் எங்கே போய்த் தேடுவேன் என்று நினைத்தேன். அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். கும்பிடாத சாமி இல்லை. சாமியைத் திட்டவும் செய்தேன். போகும்போது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன வுட்ராத." அவ்வளவுதான் கேட்டாள்.

கடைசி விமானங்கள் போய் நிகழ்ச்சி முடிந்தது. கூட்டம் சாலைக்குத் திரும்பியது. நான் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, மீனவர் குடியிருப்பு ஓரமாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். மீன் விற்கிற பலகைக்குப் பக்கத்தில் ஓர் அக்கா, கூட்டத்துக்காகக் கடையை மூடிவிட்டு, வழியில் போகிறவர்களுக்குக் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னாமே, பேயறஞ்ச மாரி போய்க்கினு கீற? தண்ணி குடி மொதல்ல."

"எங்க அண்ணனக் காணோம்க்கா. வெவரம் பத்தாது அதுக்கு."

"கெடைப்பான், அழுவாத. எல்லாம் கீழ வந்துகினு கீது பாரு, மாடி மேல இருந்த சனமெல்லாம் இப்பத்தான் எறங்குது."

தண்ணீரை வாயில் வைத்தவள் அப்படியே நின்றேன். மாடி. காலையிலிருந்து மணலையும் கடலையும் தேடிக்கொண்டிருக்கிறேன். சத்தம் கேட்டால் அவன் எங்கே போவான் என்று உலகத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கே அது மறந்துபோயிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். குடியிருப்பின் அடுக்கு மாடிகள் வரிசையாக நின்றன. வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் இறங்கிவிட, மாடிகள் காலியாக இருந்தன. கடைசிக் கட்டடத்தின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மெரூன் நிறத்தில் ஒன்று ஆடியது.

எப்படி ஏறினேன் என்று தெரியாது. அந்த அக்கா குடத்தோடு பின்னாலேயே வந்தாள். மேலே போனபோது, தளம் அடுப்பில் வைத்த தோசைக்கல் போலக் கொதித்தது. அண்ணன் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தான். தோள்பை எங்கேயோ போயிருந்தது. சட்டைக்குள் ஏதோ வைத்து ஒரு கையால் வயிற்றோடு அணைத்திருந்தான். மறுகை பட்டையை ஆட்டிக்கொண்டிருந்தது. வேகமாக இல்லை, கை அதுபாட்டுக்கு ஆடியது. உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. தொட்டேன். உடம்பு நெருப்பு. ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"வேர்வ நின்னுட்ச்சி. இது நல்லதுல்ல. நெழலுக்கு இஸ்துகினு வா, ஜல்தி" என்றாள் அக்கா, அவன் தலையில் தண்ணீரை ஊற்றியபடி.

"வாண்ணா, கீழ போலாம்."

அவன் என் கையைப் பிடித்தான். பிடித்துப் பின்னால் இழுத்தான். படிக்கட்டுப் பக்கமிருந்து என்னை அப்பால் இழுத்தான். "தண்ணி" என்றான். கைப்பிடிச் சுவருக்கு வெளியே காட்டினான். கீழே கடற்கரைச் சாலை முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஜனங்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். மேலிருந்து பார்த்தபோது எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தெரிந்தது.

"தண்ணி இல்லண்ணா, அது ஆளுங்க. வா."

"தண்ணி. நீ போவாத." கண்ணில் நீர் கட்டி நின்றது அவனுக்கு. நான் முழுகிவிடுவேன் என்று பயந்துதான் அந்த வெயிலில் என்னைப் பிடித்து வைத்திருந்தான். இழுத்தேன். கெஞ்சினேன். ஆத்திரத்தில் தோளில் இரண்டு அடி போட்டேன். அவன் அசையவில்லை. அவனைத் தூக்க என்னால் முடியாது, நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா ஆட்களைக் கூப்பிடக் கீழே ஓடினாள். அவனுடைய முழங்கால் மடங்க ஆரம்பித்தது. கண் செருகியது.

யார் கூப்பிட்டாலும் இறங்காதே, நான் சொன்னால்தான் இறங்க வேண்டும் என்றாள் அம்மா. சொல்ல வேண்டியவள் இல்லை.

நான் அவன் முதுகுப் பக்கம் போனேன். முகம் தெரியக்கூடாது. அம்மாவின் குரல் கொஞ்சம் கட்டைக் குரல், வெற்றிலை போட்ட நாக்கு. அவள் போனதிலிருந்து அந்த வார்த்தையை யாரும் எங்கள் வீட்டில் சொன்னதில்லை.

"நைனா" என்றேன். "தண்ணி வடிஞ்சிடுச்சு. எறங்கு கண்ணு."

ஆடிக்கொண்டிருந்த கை நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா சொன்ன பிறகு திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? நல்ல பிள்ளையாகப் படிக்கட்டுக்கு நடந்தான். நான் அழுகையை வாயில் துணி வைத்து அடைத்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். பாதி வழியில் ஆட்கள் வந்து தாங்கிக்கொண்டார்கள்.

கீழே படிக்கட்டு நிழலில் உட்கார வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரத் துணியைக் கழுத்தில் வைத்தார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள் அக்கா. மெல்ல அவனுக்கு முழி வந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒருவர் ஆட்டோவுக்குப் போனார். கூட்டம் வடிந்தால்தான் ஆட்டோ வரும்.

அண்ணன் சட்டைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தான். மந்தாரை இலையில் கட்டி நூல் சுற்றியது.

"மேல வேடிக்க பார்க்க வந்த குடும்பம் குடுத்துச்சாம். துன்னவே இல்ல பாரு, அப்டியே வெச்சிருக்கான்" என்றாள் அக்கா.

எனக்கு வாசனை வந்துவிட்டது. புளிசாதம். அவன் தரையில் இலையைப் பிரித்தான். மூன்று பங்கு வைத்தான். ஒன்றை என் பக்கம் தள்ளினான். ஒன்றைத் தான் எடுத்தான். பெருமையாக என்னைப் பார்த்துச் சிரித்தான், அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. பிறகு படிக்கட்டைப் பார்த்தான்.

"அம்மா எறங்குது" என்றான்.

நான் ஒரு பருக்கையைக்கூட விழுங்கவில்லை. செத்துப்போய்விட்டாள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது எந்த வாயால் சொல்வது? மேலே நின்று கூப்பிட்டதே அவள்தானே அவனுக்கு.

மூன்றாம் பங்குக்கு ஒரு காக்கை வந்தது. மீன் பலகையிலிருந்து பறந்து வந்து, தத்தித் தத்தி இலையோரம் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. அண்ணன் கையை ஓங்கினான்.

"போ! அம்மாவுது!"

காக்கை கொஞ்சம் பறந்து மறுபடி வந்தது. அவன் மறுபடி விரட்டினான். நிற்கத் தெம்பில்லாத உடம்பு, அந்தச் சோற்றின் மேல் கையைக் கவிழ்த்துக் காவல் காத்தது. என்னால் அவனைத் தடுக்கவும் முடியவில்லை, காக்கையைக் கூப்பிடவும் முடியவில்லை.